தரை மரத்தாலானதா?

அக்டோபர் 13, வெள்ளி. மாட்ரிட்

ஆவுடையும் மகன் குமரகுருவும் கடைக்குப் போய்வருகிறோம் என்று பத்து மணிக்குக் கிளம்பினார்கள். திரும்பியது ஒன்றேகால். கொண்டுவந்தது இரண்டு கிலோ ஆரஞ்சு. கடை இந்தக் கட்டிடத்தின் கீழேயே இருக்கிறது. குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 14, சனி

மகன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஆவுடை இதுவரை வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. இதுவரை என்றால் கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் இன்று மத்தியானம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "செவியாவுக்கு ஒரு மூணு நாள் போயிட்டு வரணும். அங்க ஃபிளமெங்கோ ஆடுவாங்களாம். நேர்ல பாக்கணும்" என்றாள்.

நம் ஊர் வரைபடத்தில் செவில் என்று இருப்பதை இங்கே செவியா என்கிறார்கள். "ஊரு பேரே செவியாம்" என்று சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். குமரகுரு சிரிக்கவில்லை. உடனே போனை எடுத்து, "ரயிலும் ரூமும் போட்டுருதேம்மா. நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்க" என்றான்.

"நீ வரலியால?"

"லீவு இல்லப்பா."

லீவு நிறையக் கிடக்கிறது என்று போன வாரம்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற வண்டியை நிறுத்தி ஏறி, அறுபது முகத்தை ஒரு பார்வை பார்த்து, டிக்கெட் எடுக்காத ஆள் எந்த சீட்டில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். இந்த வீட்டில் இரண்டு பேர் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 16, திங்கள். செவில்

ரயில் இரண்டரை மணி நேரம். ஆவுடை என்னை எழுப்பி வலது பக்கத்துக்கு மாற்றி உட்காரவைத்தாள். கேட்டால், "இந்தப் பக்கம் இருங்களேன்" என்கிறாள். காரணம் இல்லை. டிக்கெட் பரிசோதகர் வந்து அவளிடம் இரண்டு தடவை கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் தடவை நான் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள். இருபத்தொன்பது வருடம் திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். பக்கத்து வீட்டில் தம்ளர் விழுந்தால் எந்தத் தம்ளர் என்று சொல்பவள். அவள் மனம் எங்கேயோ இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். நான் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. வாயைப் பார்க்கிறாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்ப்பதுபோல.

விடுதி வரவேற்பில் பிலார் என்று ஒரு பெண். ஆங்கிலம் தெரிகிறது. ஃபிளமெங்கோ என்றதும் இரண்டு விளம்பரத்தாளை விரித்தாள். முதலாவது ஆற்றங்கரையில் பெரிய அரங்கு, நூற்றைம்பது பேர் உட்காரலாம், சாப்பாட்டோடு, ஒலிபெருக்கி, கலர் விளக்கு எல்லாம் உண்டு. இரண்டாவது, ஆட்டத்துக்கு நடுவே அதன் வரலாற்றைத் திரையில் காட்டி விளக்குவார்களாம். முதலாவதற்குத்தான் அந்தப் பெண் அதிகம் அழுத்தம் கொடுத்தாள். கமிஷன் இருக்கும். இருந்தாலும் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. டிக்கெட்டில் வரிசை எண், இருக்கை எண் இரண்டும் அச்சடித்திருந்தது.

ஆவுடை இரண்டையும் ஒதுக்கினாள். "நான் ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன்" என்று தன் போனைக் காட்டினாள். ஆற்றுக்கு அக்கரையில் திரியானா என்ற பகுதி. ஒரு பழைய வீடு. முப்பது நாற்காலி. ஒலிபெருக்கி கிடையாது.

"டிக்கெட்?"

"டிக்கெட்டெல்லாம் இல்லையாம். நோட்டுல பேரு எழுதிக்கிடுவாங்களாம்."

டிக்கெட் இல்லாத இடத்துக்கு நான் எப்படிப் போவேன்? சொன்னேன். என் வாயைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு முடிவு பண்ணுவோம்" என்று அறைக்குப் போய்விட்டாள்.

அவள் குளிக்கப் போனபோது போன் கட்டில்மேல் கிடந்தது. திறக்கும் கோடு எனக்குத் தெரியும். ரஃபேல் என்று ஒரு பெயர். நான்கு நாளாகச் செய்தி போய் வந்துகொண்டிருக்கிறது. எல்லாம் ஸ்பானிஷ். இவள் எப்படி ஸ்பானிஷ் எழுதினாள்? மொழிபெயர்க்கிற வசதி போனிலேயே இருக்கிறதாம், குமரகுரு காட்டிக்கொடுத்திருப்பான். கடைசி இரண்டு வரியை விடுதித் தாளில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் தாளைப் பிலாரிடம் நீட்டினேன். ஒரு நண்பர் அனுப்பியது என்று சொன்னேன். அவள் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

முதல் வரி: தரை மரத்தாலானதா? இரண்டாவது வரி: என் கால் அதில் படும்படி உட்கார முடியுமா?

இதுவா ஒரு பெண் முன்பின் தெரியாத ஆணுக்கு எழுதுவது? ஆட்டம் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கலாம். கால் படுமா என்று கேட்கிறாள்.

பதினொரு மணிக்கு, "மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வாரேன், நீங்க படுங்க" என்றாள். சரி என்றேன். அவள் போய் மூன்று நிமிடம் கழித்துக் கிளம்பினேன். வேலையில் இருந்தபோதும் அப்படித்தான், வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட வேண்டும்.

மருந்துக் கடையைத் தாண்டிப் போனாள். பாலத்தில் ஏறினாள். பெரிய ஆறு என்கிறார்கள், நம் தாமிரபரணியில் தண்ணீர் வரும் காலத்தில் இதைவிட நன்றாக இருக்கும். பாலத்தின் நடுவில் ஒரு சைக்கிள்காரன் பின்னால் இருந்து மணியடித்துக்கொண்டே வந்தான். இவள் விலகவில்லை. அவன் வளைந்து, திட்டிக்கொண்டே போனான். ஒரு சந்தோஷத்தில் நடப்பவர்களுக்கு எதுவும் காதில் விழாது.

அக்கரையில் மூன்றாவது தெருவில் ஒரு பச்சைக் கதவு. எதிரில் பூப்போட்ட ஓடுகளை விற்கும் கடை. நான் ஓடு பார்ப்பவன்போல அங்கே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு முற்றம், பலகை அடித்த மேடை. எழுபது வயதிருக்கும் ஒரு ஆள், காதில் கடுக்கன். ஆவுடை செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பலகையில் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். அந்த ஆள் மேடைமேல் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தான். ஒரு தடவை. பிறகு மூன்று தடவை. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ வருடம் ஆகிறது. குமரகுருவுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்குச் சிரித்திருப்பாள்.

அவளுக்கு முன்னால் அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

"மருந்துக் கடை திறந்திருந்துச்சா?"

"ம்" என்றாள்.

சாயங்காலம் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று ஒரு வார்த்தை சொன்னேன். சோதனைக்காகத்தான். எந்தப் பெண்ணும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாத வார்த்தை. இங்கே எழுத வேண்டாம். அவள் திரும்பவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, மடித்துக்கொண்டே இருந்தாள்.

குற்றமுள்ளவர்கள் மறுக்க மாட்டார்கள். பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 18, புதன்

காலையில் மழை. அவள் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர சாப்பிடவில்லை.

பத்து மணிக்குக் குமரகுரு எனக்குப் போன் செய்தான். அவளுக்குச் செய்யவில்லை.

"அப்பா, இன்னைக்கு அம்மா சொல்லுத இடத்துக்கே போங்க. எதுவும் கேக்காதீங்க."

"என்னல நடக்குது?"

"கேக்காதீங்கன்னுதான் சொல்லுதேன்."

வைத்துவிட்டான். பெற்ற மகனும் உடந்தை. போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

(இதற்குக் கீழே உள்ளதைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.)

ஆட்டம் ஆறு மணிக்கு. வெளியே நல்ல வெயில், மழை ஓய்ந்திருந்தது. பச்சைக் கதவில் அந்தக் கடுக்கன்காரன் நோட்டுடன் நின்றான். அவன்தான் ரஃபேல். ஆவுடையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். பிறகு என்னைப் பார்த்து, உடைந்த ஆங்கிலத்தில், "நேற்று வெயிலில் ஓட்டுக்கடை முன்னால் அவ்வளவு நேரம் நின்றீர்களே, உள்ளே வந்திருக்கலாமே" என்றான்.

எனக்கு முகம் வேர்த்துவிட்டது. ஆவுடை என்னைப் பார்த்து, "என்ன சொல்லுதாரு?" என்றாள். அவள் அவனுக்கு ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். ஆங்கிலம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வாங்க வாங்கங்கிறாரு" என்றேன்.

மற்றவர்களுக்கு நாற்காலிகள் முற்றத்தின் கல்தரையில் இருந்தன. எங்கள் இரண்டு நாற்காலியை மட்டும் மேடைப் பலகையின் ஓரத்திலேயே தூக்கிப் போட்டிருந்தான். ஆவுடை என்னை வலது பக்கத்தில் உட்காரவைத்தாள். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலைப் பலகையில் பதித்தாள். நான்கு பேர் பார்க்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

ஒருவன் கிதார் எடுத்தான். கனத்த உடம்புக்காரர் ஒருவர் பாடினார், பல்வலியில் துடிப்பவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு. குரல் உச்சிக்குப் போய் உடைந்தபோது பின்னால் எல்லோரும் "ஓலே" என்று கத்தினார்கள். எனக்கே ரோமம் எழுந்தது. ஆவுடையிடம் ஒரு அசைவும் இல்லை. இவ்வளவு ஆசைப்பட்டு வந்தவள் இதற்குக்கூட அசையவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆடுகிற அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியும் இல்லை, அழகும் இல்லை. நடு மேடையில் வந்து சும்மா நின்றாள். ஒரு கால். அவ்வளவுதான் மிதித்தாள். என் நாற்காலியின் காலில் அது ஏறியது. ஆவுடையின் உடம்பு மொத்தமும் சிலிர்த்தது. அந்த அம்மாள் வேகம் பிடிக்கப் பிடிக்க, மழை தகரத்தில் இறங்குவதுபோல, ஆவுடையின் விரல் என் முழங்காலில் அதே கணக்கில் தட்ட ஆரம்பித்தது. ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. கண் மூடியே இருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவே இல்லை.

அப்போதுதான் பின்வரிசையில் யாரோ தட்டிவிட்டு, ஒரு தட்டு நிறைய இருந்த கண்ணாடிக் கோப்பைகள் கல்தரையில் விழுந்து நொறுங்கின. ஆடியவள் நின்றாள். கிதார் நின்றது. முப்பது பேரும் திரும்பிப் பார்த்தோம்.

ஆவுடை திரும்பவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்து, தரை ஏன் நின்றுவிட்டது என்று கேட்பதுபோல ஆடுகிறவளின் காலைப் பார்த்தாள்.

எத்தனையோ வருடம் சாட்சியங்களை வைத்து முடிவுக்கு வந்த ஆள் நான். எல்லாச் சாட்சியும் என் சட்டைப்பையிலேயே இருந்தது. ரயில் பரிசோதகர், சைக்கிள் மணி, வாயைப் பார்ப்பது, வலது பக்கம். ஒரு வாரமாக அடுக்கி வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். தப்பான ஆளின் மேல் கேஸ் எழுதியிருக்கிறேன்.

மீதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. என் முழங்காலில் தட்டிய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்கு வெளியே வந்தபோதும் வெளிச்சம் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நானாகவே அவளுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"எப்பத்துல இருந்து?"

"பாத்தீங்களா, விசாரணை ஆரம்பிச்சாச்சு." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல குக்கர் விசிலு போச்சு. பொறவு காலிங் பெல்லு. பொறவு என் தங்கச்சி போன்ல பேசுதது. இடது காது சுத்தமாப் போயிட்டு. வலதுல கனமான சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. வெள்ளிக்கிழமை குமரு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனான்."

"ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? டிரங்க் கால்ல மூச்சு விடுதத வச்சே இன்னாருன்னு சொல்லுவேன். அந்தக் காது போச்சுன்னு சொன்னா நீங்க என்ன கேப்பீங்க? எப்பப் போச்சு, எந்த டாக்டரப் பாத்த, ஏன் மறைச்ச? இதத்தான் கேப்பீங்க. அய்யோ போச்சேன்னு ஒரு வார்த்தை வராது உங்களுக்கு."

அவள் தொடர்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு. சத்தம் வச்சிருந்தாங்களோ என்னமோ, எனக்கு ஒண்ணும் வரல. அதுல ஒருத்தி காலால தரையப் போட்டு அடிச்சா. இது எனக்கு எப்படியும் வந்து சேரும்னு தோணுச்சு. இத ஒருதரம் கேட்டுட்டு, அந்தத் தெம்புல உங்ககிட்ட சொல்லிரலாம்னு நெனச்சேன். அதான் குமருவ வர வேண்டாம்னேன்."

அவள் பேசிக்கொண்டிருந்தபோதே என் மனதில் வேறொரு கணக்கு ஓடியது. எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அப்படியானால் நேற்றுச் சாயங்காலம் நான் சொன்னது இவளுக்குக் கேட்டிருக்காது. நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. தப்பித்தேன் என்று ஒரு மூச்சு விட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கேட்டுச்சு" என்றாள்.

பாலத்தில் விளக்குப் போட்டார்கள்.

"வலது பக்கமா வந்து நின்னுதான சொன்னீங்க. கனமான குரலு. நல்லாவே கேட்டுச்சு. இதுக்கு என்ன பதிலுன்னு மடிச்சிக்கிட்டே யோசிச்சேன். நாலு புடவை மடிச்சாச்சு, பதிலு வரல. குமருவுக்கு எழுதினேன். இப்பவே கெளம்பி வந்துரும்மான்னான். நான்தான் டான்ஸப் பாத்துட்டுத்தான் வருவேன்னேன். உங்களுக்காவ அத விட முடியாதுல்லா?"

பின்னால் வந்ததைச் சொன்னேன். போனை எடுத்ததைச் சொன்னேன். பிலாரிடம் தாளைக் காட்டியதையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றாள். "நிமிந்து சொல்லுங்க."

நிமிர்ந்து சொன்னேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புரியல. அந்த மீசை மேலுதட்டையே மூடியிருக்கு. ரெண்டு வருசமா உங்க பேச்சுல பாதி அதுக்குள்ளதான் போச்சு."

அறைக்குத் திரும்பினோம். சைக்கிள் வந்தபோது கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். இழுக்க விட்டாள். ஓரத்துக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 19, வியாழன். மாட்ரிட்

மீசையை எடுத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த வருடம் வைத்தது. கிளம்புமுன் விடுதியின் சின்னக் கத்தரியால் முதலில் வெட்டி, பிறகு சவரம். மேலுதடு உரித்த கோழிபோல வெளுத்திருக்கிறது. கண்ணாடியில் யாரோ ஒரு பயணி.

பிலார் அறைச் சாவியை வாங்கும்போது என்னை அடையாளம் தெரியாமல் விழித்தாள். ஆவுடை சிரிக்கவில்லை. ரயிலில் இரண்டு சீட்டு அடுத்தடுத்து இருந்தது. அவள் என்னை எதிர் சீட்டில் போய் உட்காரச் சொன்னாள். அந்த சீட்டுக்கு என்னிடம் டிக்கெட் இல்லை. உட்கார்ந்தேன். கோர்தோபா ஸ்டேஷன் தாண்டும்வரை எந்த நேரமும் யாராவது வந்து எழுப்புவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குக் காது மெஷினு மாட்ட வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். "குமரு கூட்டிட்டுப் போவான்."

"நான் வாரேன்."

"நீங்க வந்து டாக்டர விசாரிப்பீங்க."

"வாயத் தொறக்க மாட்டேன்."

யோசித்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆரஞ்சு உரித்து, பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மீதியை என் பக்கம் நீட்டினாள்.

பிறகு, "இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"என்ன?"

"நேத்துப் பெஞ்சில பாதியில நின்னு போச்சுல்லா. அத."

பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். குரலை எடுக்காமல், உதட்டை மட்டும் நிதானமாக அசைத்து, செவ்வாய்க்கிழமை சொன்ன வார்த்தைக்காகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. டிரைவர், கண்டக்டர், பெற்ற தாய், யாரிடமும்.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் உதட்டையே பார்த்தாள்.

"வெளங்கல. திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொருக்க."

சொன்னேன். அவள் வாயோரம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது. முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை. நான்காவது தடவையும் சொன்னேன்.